பின்வளவுக் குளம்: பாஸை எப்போது வரச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு மீன் குளம் இருக்கிறது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனாலும் அதைக் கட்டி முடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பிறகு இரத்மலானையில் தங்கச்சி வீட்டில் அதே அளவுக் குளத்தை ஏழு கிழமையில் முடித்தோம். அதே பாஸ்தான் (இங்கே மேசனை அப்படித்தான் கூப்பிடுவோம்), அதே சீமெந்துதான். வேலையை அடுக்கிய விதம் மட்டுமே வேறு. அதிலிருந்து சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லாரும் போன் எடுத்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். இனி இதை அனுப்பிவிடலாம்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

தைப்பொங்கல் முடிந்த கிழமை. கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான். மார்ச் நடுவில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். மேயில் தென்மேல் பருவமழை வந்துவிடும். பிறகு ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொட்டோ கொட்டென்று கொட்டும். பொங்கலுக்குப் பிறகு மண்வெட்டி போட்டால் மார்ச் நடுவுக்குள் மீன் விட்டுவிடலாம்.

அதற்குப் பிந்தினால் சித்திரைப் புதுவருஷத்தில் போய் முட்டும். ஏப்ரல் 13, 14தான் விடுமுறை என்று கலண்டர் சொல்லும். ஆனால் ஊரிலிருந்து வந்து வேலை செய்கிற ஆட்கள் பத்தாம் திகதியே பை கட்டிவிடுவார்கள். திரும்பி வரும்போது மாதக் கடைசி ஆகிவிடும், அதற்குள் வெசாக்கும் கிட்ட வந்துவிடும். ஏப்ரலில் பாதியில் நின்ற வேலை ஜூன் வரை இழுபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியைத் தவறவிட்டவர்களுக்கு ஜூலைக் கடைசியும் ஓகஸ்ட்டும் இருக்கின்றன. அப்போதும் மழை பெய்யும்தான், ஆனால் விட்டு விட்டுப் பெய்யும். ஒரு பெரிய பொலித்தீன் விரிப்பு இருந்தால் சமாளிக்கலாம்.

நான் தொடங்கியது ஒக்டோபர் முதல் கிழமை. ஏனென்றால் பாஸுக்கு அப்போதுதான் கை சும்மா இருந்தது. ஒரு நல்ல பாஸ் ஒக்டோபரில் சும்மா இருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மொத்தம் எத்தனை நாள் பிடிக்கும்?

இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதுதான் பிழை. "எத்தனை நாள்?" என்று கேட்டால் பாஸ் "பத்து நாள்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் உழைக்கிற நாட்கள் பத்துப் பன்னிரண்டுதான். ஆனால் அந்த நாட்கள் ஏழு கிழமைக்குள் சிதறிக் கிடக்கின்றன. "எத்தனை தரம் வருவீர்கள், ஒவ்வொரு வருகைக்கும் இடையில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் குளம் கட்டியிருக்கிறார்.

எங்கள் அளவுக் குளத்துக்குக் கணக்கு இப்படி வரும். முதல் தரம் வந்து அளந்து, முளை அடித்து, கயிறு கட்ட அரை நாள். இரண்டு பேர் குழி வெட்ட இரண்டு நாள். கம்பி கட்டி அடித்தளம் ஊற்ற இரண்டு நாள். பலகை அடித்துச் சுவர் ஊற்ற இன்னும் இரண்டு நாள். பலகையைக் கழற்றி உள்பூச்சுப் பூச ஒன்றரை நாள். இதற்குப் பிறகு ஏழு முதல் பத்து நாள் பாஸ் தேவையில்லை. காலையும் பின்னேரமும் சாக்கை நனைத்துச் சுவரில் போட ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். கொங்கிறீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் என்பது பொதுக் கணக்கு, முதல் ஏழு நாள் ஈரம் காய்ந்தால் பிறகு எதைப் பூசினாலும் வெடிப்பு வரும். அப்புறம் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு தடவை, நடுவில் ஒரு நாள் இடைவெளி. அது நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் பார்க்க வேண்டும். அதன்பின் சுண்ணாம்பு கழிய இரண்டு மூன்று கிழமை. கடைசியாக ஒரு நாள் கல் பதிக்க, தண்ணீரைச் சுழற்றுகிற பம் பூட்ட.

கசிவு பார்க்கும்போது ஒரு சின்னக் காரியம். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து, இரண்டிலும் மட்டத்தைச் சோக்கால் குறித்துவிடுங்கள். கொழும்பு வெயிலில் தண்ணீர் தானாகவே ஆவியாகும். வாளியில் இறங்கிய அளவே குளத்திலும் இறங்கியிருந்தால் கசிவு இல்லை. இதைத் தெரியாமல் நான் பாஸோடு ஒரு முழுப் பின்னேரம் சண்டை பிடித்தேன். வாளியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.

அப்படியென்றால் எந்த நாளை முதலில் குறிப்பது?

குழி வெட்டுகிற நாளைக் கடைசியாகக் குறியுங்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் குறிக்கிறார்கள். ஆட்கள் வருகிறார்கள், மண் பறக்கிறது, பார்க்க உற்சாகமாக இருக்கும். பிறகு கம்பி வரவில்லை, பாஸ் நுகேகொடையில் வேறு வேலை, மழை, போயா (பௌர்ணமி விடுமுறை). வளவில் ஒரு வெறுங்குழி மட்டும் வாய் பிளந்து கிடக்கும்.

தங்கச்சி வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்தோம். சீமெந்து, மணல், மெட்டல் (உடைத்த கருங்கல்), கம்பி, பலகை எல்லாம் வளவில் இறங்கிய பிறகுதான் முதல் மண்வெட்டி. மின்சார வேலைக்காரரும் மண் ஏற்றும் டிப்பர்க்காரரும் நாள் சொல்லிய பிறகுதான் பாஸுக்குத் திகதி. அந்தத் திகதியிலிருந்து பத்து நாளுக்குள் போயா வருகிறதா என்றும் கலண்டரில் பார்த்தோம். வந்தால் அதற்கு அடுத்த நாள் தொடங்குவது நல்லது. கொங்கிறீட்டைப் பாதியில் நிறுத்தி அடுத்த நாள் தொடர்ந்தால் அந்த மூட்டு வழியாகத்தான் தண்ணீர் கசியும்.

எவ்வளவு சாமான் வேண்டும்?

மேலே சொன்ன அளவுக்கு, தரையும் சுவரும் 6 அங்குலத் தடிப்பு என்றால், பூச்சோடு சேர்த்துச் சீமெந்து 15, 16 பை, ஆற்று மணல் அரைக் கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி), முக்கால் அங்குல மெட்டல் முக்கால் கியூப். சாமானை நீங்களே வாங்கிப் போடுவதுதான் புத்தி. சீமெந்தை மட்டும் ஊற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் இறக்கினால் போதும், பலகைமேல் அடுக்கி மூடிவையுங்கள். கொழும்புக் காற்றில் பை கல்லாகிவிடும்.

வெட்டிய மண்ணை என்ன செய்வது?

யாரும் யோசிக்காத கேள்வி. சுவர்த் தடிப்பையும் சேர்த்தால் வெட்டுகிற குழி 11க்கு 7 அடி, இரண்டரை அடி ஆழம். அது கிட்டத்தட்ட 190 கன அடி. வெளியே எடுத்த மண் உப்பும், அதனால் இரண்டரைக் கியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கைக்குள் டிப்பர் வராது. ஆட்டோவே கண்ணாடியை மடித்துக்கொண்டுதான் வரும். எங்கள் மண் மூன்று மாதம் மதிலோடு குவிந்து கிடந்து, மழைக்குக் கரைந்து, பக்கத்து வீட்டு வாசலில் சிவப்பாக ஓடியது. அந்த வீட்டு அக்கா இப்போதுதான் மறுபடி கதைக்கத் தொடங்கியிருக்கிறார்.

பாஸோடு பேசும்போதே "மண் ஏற்றுவது உங்கள் கணக்கிலா, என் கணக்கிலா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் கணக்கில் என்றால் எத்தனையாம் நாள் ஏற்றுவார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வாழைக்கும் பூக்கன்றுக்கும் போட மேல் மண்ணில் கொஞ்சத்தை மறித்துவைக்கலாம்.

யாரைப் பிடிப்பது? வீடு கட்டுகிற மேசன் போதுமா?

பெரும்பாலும் போதும். மேசனுக்குத் தண்ணீரை வெளியே நிறுத்தத் தெரியும். உள்ளே நிறுத்திய அனுபவம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீட்டுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டியவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். தோட்ட அலங்காரக்காரர்களும் இருக்கிறார்கள். பத்தரமுல்லைப் பக்கம் பூக்கன்று விற்கிற நர்சரிகளில் விசாரித்தால் ஆட்களைச் சொல்வார்கள். அவர்கள் கல், செடி, நீர்வீழ்ச்சி எல்லாம் அழகாக வைப்பார்கள். ஆனால் கொங்கிறீட்டுக்கு அவர்களும் ஒரு மேசனைத்தான் கூட்டிவருவார்கள். அந்த மேசன் யார் என்று கேளுங்கள்.

எவரானாலும் அவர் கட்டிய குளம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். போன மாதம் கட்டியதைப் பார்த்துப் பயனில்லை. ஒரு ஒக்டோபர் மழையைத் தாண்டிய குளமாக இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் பாதி வேறு எவருடையதோ. வீட்டுக்காரரிடம் "பாஸ் வேலையை முடித்துவிட்டுப் போனாரா?" என்று கேளுங்கள். "நல்லாச் செய்தாரா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பார்கள்.

சொன்ன நாளில் வருவதேயில்லை. "ஹெட்ட எனவா" என்கிறார். என்ன செய்வது?

கொழும்பில் "நாளைக்கு வாறன்" என்பது ஒரு திகதி அல்ல, ஒரு வணக்கம். கோபப்பட வேண்டாம். நல்ல பாஸிடம் எப்போதும் இரண்டு மூன்று வேலை கையில் இருக்கும். காலையில் எங்கே போவது என்று அவர் முடிவெடுப்பது முதல் நாள் இரவில். அதனால் போன் எடுக்க வேண்டிய நேரம் முதல் நாள் பின்னேரம் ஆறு, ஏழு மணி. காலை எட்டரைக்கு எடுத்து "எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்பவருக்கு "பஸ்ஸில" என்ற பதில்தான் கிடைக்கும்.

போனில் "நாளைக்கு வருவீர்களா?" என்று கேட்கவும் வேண்டாம். "நாளைக்கு எத்தனை பேர் வருவீர்கள், மத்தியானச் சோற்றுப் பார்சல் எத்தனை சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். "மூன்று" என்று எண்ணிக்கை சொன்னால் வருவார். "பார்ப்போம்" என்றால் அன்றைக்கு நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். சாப்பாடு அவர்கள் கணக்கு என்று பேசியிருந்தாலும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பிளேன்டீ கொடுங்கள். எங்கள் பாஸ் ஒருநாள் வேறு இடத்துக்குப் போகாமல் இங்கே வந்ததற்குச் சொன்ன காரணம் அம்மாவின் இஞ்சித் தேத்தண்ணி.

சிங்களம் கொஞ்சம் கதைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாவிட்டால் அளவுகளையும் நாட்களையும் ஒரு தாளில் படமாக வரைந்து, அதைப் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். இலக்கத்துக்கு மொழி கிடையாது.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

சாமான் உங்களுடையது என்றால், குழி வெட்டுகிற கூலிக்கு மேல் அட்வான்ஸ் தேவையில்லை. கொந்தராத்தாகப் பேசிய தொகையை வருகைகளோடு கட்டுங்கள். குழியும் அடித்தளமும் முடிந்தால் ஒரு பங்கு, சுவரும் பூச்சும் முடிந்தால் ஒரு பங்கு, நீர்த்தடுப்புப் பூச்சுக்கு ஒரு பங்கு. கடைசிப் பங்கு வாளிச் சோதனை முடிந்த பிறகு. அந்தக் கடைசிப் பங்கு அவர் திரும்பி வருகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் நான் சுவர் எழும்பியதுமே சந்தோஷத்தில் முக்கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மிச்சக் காசுக்காக இரத்தினபுரியிலிருந்து பஸ் ஏறுவது அவருக்கும் கட்டாது.

நாட்கூலி நல்லதா என்றும் கேட்கிறார்கள். குழி வெட்ட நாட்கூலி வேண்டாம். நீர்த்தடுப்புப் பூச்சுக்கு நாட்கூலிதான் நல்லது. அவசரப்பட்டால் கெடுகிற வேலை அது.

நல்ல நாள் பார்க்க வேண்டுமா?

எங்கள் அம்மா பார்த்தார். பாஸும் தன் பக்கத்துக்கு நெக்கத் (சிங்கள நல்ல நேரம்) பார்த்தார். இரண்டும் ஒத்துவர ஒரு கிழமை போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை முடிவானது. திங்கள் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ராகு காலம். பாஸும் ஆட்களும் எட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் மாமரத்தடியில் தேத்தண்ணி குடித்து, ஒன்பது அடித்து ஐந்து நிமிஷத்தில் தேங்காய் உடைத்துத் தொடங்கினோம். அந்த ஒரு மணி நேரக் கூலியும் என்னுடையது. நாள் பாருங்கள், ஆனால் வேலைக்காரர் வருகிற நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

வாஸ்துப்படி தண்ணீருக்கு ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு. உங்கள் வளவின் வடகிழக்கில் மலக்குழி இருந்தால் வாஸ்துக்காரரை விட மேசன் சொல்வதைக் கேளுங்கள்.

வெட்டுவதற்கு முன் நிலத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இதில்தான் ஒரு நாள் செலவழித்தால் ஒரு மாதம் மிச்சமாகும். பாஸ் அளக்க வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், நினைத்த இடத்தில் ஒரு முழம் அகலத்தில் மூன்றடி ஆழக் குழி ஒன்று தோண்டி இரவு விட்டுவையுங்கள். மழை பெய்தால் மூடிவையுங்கள். காலையில் அடியில் தண்ணீர் ஊறி நின்றால், அங்கே நிலத்துக்குக் கீழே குளம் வேண்டாம்.

கொழும்பில் நிலம் வீட்டுக்கு வீடு மாறும். கடற்கரைப் பக்கம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் மணல். வெட்ட வெட்டச் சரியும், பலகை முட்டுக்கொடுக்க வேண்டும். மேட்டுப் பக்கங்களில் கபொக் கல் (செம்பூரான் கல்) வரும். வெட்டக் கஷ்டம், ஆனால் சுவர் மாதிரி நிற்கும், பாஸுக்குப் பிடித்த மண். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் பழைய சதுப்பை நிரப்பிய காணிகள். அங்கே நிலமே அமர்ந்துகொண்டிருக்கும், கால்வாய் நிரம்பினால் நிலத்தடித் தண்ணீரும் ஏறும்.

தண்ணீர் ஏறுகிற நிலத்தில் என்ன நடக்கும் என்றால், குளம் நிரம்பி இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கழுவுவதற்கு வெறுமையாக்கிய அன்று கீழேயிருந்து வரும் அழுத்தம் தரையைத் தூக்கி வெடிக்க வைக்கும். அந்த மாதிரிக் காணியில் நிலத்துக்கு மேலே இரண்டடி சுவர் எழுப்பித் தொட்டி மாதிரிக் கட்டுங்கள். இருந்து மீன் பார்க்கத் திண்ணையாகவும் ஆகும், குழந்தைகள் தவறி விழுவதும் குறையும், மண் ஏற்றுகிற செலவும் இல்லை. இன்னொரு தரம் கட்டினால் நான் அப்படித்தான் கட்டுவேன்.

மதிலை ஒட்டி வெட்ட வேண்டாம். பழைய மதில்களுக்கு அத்திவாரம் ஓரடி இருந்தாலே பெரிய விஷயம். மலக்குழி, கழிவுக் குழாய் போகிற வழி, பழைய கிணறு எதையும் தூர்த்த இடம், இவற்றை வீட்டில் ஆக வயதானவரிடம் கேளுங்கள். மாமரமும் பலாவும் நிற்கிற இடத்தில் வேருக்கும் இலைக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாநகர சபை அனுமதி எடுக்க வேண்டுமா?

உங்கள் பகுதி எந்தச் சபையோ, கொழும்பு மாநகர சபையோ தெஹிவளை-கல்கிசை மாநகர சபையோ, அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒரு சின்ன வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள், வேலைக்கு ஒரு மாதம் முன்னால். கால்வாய்க் கரையோடு ஒட்டிய வளவு என்றால் ஒதுக்கீட்டு எல்லை (எதுவும் கட்டக்கூடாத ஓரம்) எங்கே முடிகிறது என்று காணி வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போங்கள்.

டெங்கு வருமே, பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பிடிப்பாரே?

முடிந்த குளத்தில் மீன் இருக்கிறது, பம் ஓடுகிறது, நுளம்புக்கு அங்கே பிழைப்பு இல்லை. ஆபத்து பாதியில் நிற்கிற குளத்தில். 2017 இல் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2007 இல், நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் வளவில் புழு கண்டால் பொறுப்பு உங்களுடையது. பாஸ் வரவில்லை என்பது நீதிமன்றத்தில் பதில் ஆகாது.

எங்கள் குழி ஒக்டோபர் மழையில் நிரம்பிப் பன்னிரண்டு நாள் கிடந்தது. பீஎச்ஐ வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளை அகப்பையை எடுத்தார், குழியின் ஓரத்தில் சரித்து மொண்டார், வெளிச்சத்தில் என் பக்கம் நீட்டினார். தெளிந்த தண்ணீரில் எட்டுப் பத்துக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து மேலே வந்து போயின. பக்கத்தில் என் மகள் நின்று எண்ணினாள். அவர் ஏசவில்லை. "மூன்று நாளில் இது இருக்கக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மூன்று நாளும் நானும் மச்சானும் வாளியால் இறைத்து, மணலால் குழியை மூடினோம். ஜனவரியில் அதே குழியை மறுபடி வெட்டினோம், கூலியோடு.

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு ஆக ஏழு முதல் பத்து நாள். அதனால் எந்தத் தண்ணீரையும் ஆறு நாளுக்கு மேல் நிற்க விடாதீர்கள். தண்ணீரை மாற்றும்போது சுவரைத் தும்புத் தூரிகையால் தேய்க்க வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மீன் விடலாம் என்ற நிலை வந்ததும் முதலில் பத்துப் பதினைந்து கப்பி மீன். நுளம்புப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

கொங்கிறீட் வேண்டாம், லைனர் விரித்தால் சீக்கிரம் முடியுமா?

முடியும். குழி வெட்டி, மணல் பரப்பி, லைனர் (தண்ணீர் புகாத விரிப்பு) விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்து மூன்று நாளில் தண்ணீர் விடலாம். நனைப்பு இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நல்ல தடிப்பான ரப்பர் லைனர் பல வருஷம் நிற்கும். ஆனால் கொழும்பில் பெருச்சாளி இருக்கிறது. அதுக்கு லைனரும் ஒன்று, சாக்கும் ஒன்று. வளவில் பெருச்சாளி வளை கண்டிருந்தால் கொங்கிறீட்டுக்கே போங்கள்.

மின்சார வேலைக்காரரை எப்போது வரச் சொல்வது?

சுவர் ஊற்றுவதற்கு முன். எல்லாரும் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள். பிறகு பூசிய சுவரைத் துளைத்துப் பைப் போடுவார்கள், அந்தத் துளைதான் முதல் கசிவு. பம்முக்கான வயர் தனிக் குழாயில், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குள்ளால் வர வேண்டும். தண்ணீரும் 230 வோல்ட்டும் சேர்கிற இடத்தில் காசு பார்க்காதீர்கள்.

குளம் சுமார் 3,400 லீட்டர் பிடிக்கும். கூரையில் இருக்கிற 1,000 லீட்டர்க் கறுப்புத் தாங்கி மூன்றரைக்குச் சமம். இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிற சின்னப் பம் போதும். 40 வாட் பம் இரவு பகல் ஓடினால் மாதம் 29 யூனிட். கட்டணம் படிப்படியாக ஏறுகிற நாட்டில் இந்த 29 உங்களை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 2022 இல் ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போது மீன் வைத்திருந்தவர்கள் இரவில் எழும்பிக் குவளையால் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள்.

மீன் எப்போது விடலாம்?

புதுச் சீமெந்தின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கும், மீன் செத்துவிடும். நிரப்பி ஐந்தாறு நாள் வைத்து வெளியேற்றுவதை மூன்று தரம் செய்யுங்கள். நுளம்புக் கணக்கும் அதிலேயே சரியாகிவிடும். குலை வெட்டிய வாழைத் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு தரம் ஊறப் போடுவது இங்கே பழைய வழக்கம், நாங்களும் போட்டோம். அது அழுகி மணக்கும், ஒரு துண்டும் மிஞ்சாமல் அள்ளிக் கழுவ வேண்டும். பிறகு மீன் கடையில் விற்கிற பரிசோதனைத் துளியால் பாருங்கள், தண்ணீரின் காரத்தைக் காட்டுகிற பீஎச் எட்டரைக்குக் கீழே வந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் போக இரண்டு நாள் பம்மை ஓடவிடுங்கள். முதலில் கப்பி, இரண்டு கிழமை கழித்து மற்றவை, கொஞ்சம் கொஞ்சமாக.

கொய் (வண்ணக் கெண்டை மீன்) வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கொழும்புக்கு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதன் குடிமக்களில் கபரகொய்யாவும் (பெரிய நீர் உடும்பு) கொக்கும் அடக்கம். கால்வாய்க்கு அரை மைல் தூரத்தில் இருந்தாலும் தேடி வருவார்கள். கபரகொய்யா சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, கல்லால் எறிய முடியாது. குளத்துக்கு மேலே கம்பி வலை மூடி போடுவதையும் பாஸின் கடைசி நாள் வேலையில் சேர்த்துவிடுங்கள்.

பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். வேறு ஒருவரைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் இலேசில் கிடைக்கமாட்டார். ஒரு பாஸ் தொட்ட வேலையை இன்னொரு பாஸ் தொடத் தயங்குவார், கசிந்தால் பழி யாருக்கு என்ற பயம். வத்தளையில் என் பெரியம்மா மகனுக்கு இது நடந்தது. சுவரோடு நின்ற குளத்துக்கு ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். ஐந்து பேரும் முந்தியவர் செய்த பிழைகளைச் சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கொங்கிறீட்டை அப்படியே விட்டு, உள்ளே லைனர் விரித்து முடித்தார். சுவர் நேராக நின்றால் இது நல்ல வழிதான். கொங்கிறீட் இருப்பதால் பெருச்சாளித் தொல்லையும் இல்லை. காத்திருக்கிற நாட்களில் அடியில் ஒரு துளை போட்டு மழைத்தண்ணீரை வடிய விடுங்கள்.

நாங்கள் வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் கட்டலாமா?

கட்ட வேண்டாம். எங்கள் குளத்துத் தண்ணீர் மட்டுமே மூன்று தொன்னுக்கு மேல். வாய் அகன்ற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அடியில் கொஞ்சம் களிமண், ஒரு நீல் மானெல் (நீல அல்லி) கிழங்கு, ஆறு கப்பி. வெயில் ஐந்தாறு மணி நேரம் படுகிற மூலையில் வையுங்கள். பாஸும் வேண்டாம், அட்வான்ஸும் வேண்டாம். ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிந்துவிடும். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அந்த நேரத்தில் போய்ச் சந்தையில் களிமண் தேடலாம்.